எவ்ளோ கொடுத்தீங்க?

புதிதாகப் பொருள் வாங்கியவனை ஒரு வாரத்துக்கு யாரும் எதுவும் கேட்கக் கூடாது என்று எந்தக் கட்சியாவது தேர்தல் அறிக்கையில் போட்டால், கொள்கை, கூட்டணி எதையும் பார்க்காமல் அதற்கே ஓட்டுப் போடுவதாக இருக்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமை வந்துபோன மச்சினன் மூட்டிவிட்ட எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. அவனைப் பற்றிப் பிறகு. சொல்ல வந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சொல்ல வந்தது ஒரு ராட்செட்டைப் பற்றி. கழுத்து மடங்குகிற ராட்செட். அட்டையில் ஃபிளெக்ஸ் ஹெட் என்று போட்டிருக்கும். வீட்டிலேயே சில்லறை வண்டி வேலை பார்த்துக்கொள்கிற என்னைப் போன்றவர்கள், பெரிய கம்பெனி சரக்கைக் கண்ணாடி அலமாரியோடு விட்டுவிட்டு, விலை குறைந்த ரகத்தில் ஒன்று வாங்கலாமா, வாங்கினால் தாங்குமா? அவ்வளவுதான் விஷயம். ஒரு பக்கத்தில் முடிந்துவிட வேண்டியது.

இதற்குள் 'என்ன விலை?' என்று உங்கள் மனசில் ஓடியிருக்கும். ஓடாவிட்டால் உங்களுக்குச் சொந்தபந்தம் யாரும் இல்லை என்று அர்த்தம்.

எனக்கு ஒரு ஆம்னி இருக்கிறது. 1984-இல் மாருதி வேன் என்று வந்து, அப்புறம் ஆம்னி என்று பேர் மாறி, 2019-இல் உற்பத்தி நின்றுபோன வண்டி. மற்ற கார்களில் முன்னால் மூடியைத் தூக்கினால் இன்ஜின் தெரியும். இதற்கு முன்னால் முகம் மட்டும்தான். இன்ஜின் இருப்பது முன்சீட்டுக்கு அடியில். மலைச்சாலையில் ஏறும்போது சூடு ஏறுகிறதா என்று மீட்டரைப் பார்க்க வேண்டியதில்லை, உட்கார்ந்திருக்கும் இடமே தகவல் சொல்லிவிடும். வேலை பார்ப்பதென்றால் சீட்டைத் தூக்கி, கீழே இருக்கிற மூடியைத் தூக்கி, தலைகுப்புறக் குனிந்து கையை விட வேண்டும். கை போகும். ஸ்பேனரும் போகும். போன ஸ்பேனர் திரும்பாது. எந்த அர்த்தத்தில் எடுத்துக்கொண்டாலும் சரி.

ஆல்ட்டர்னேட்டர் பெல்ட்டு கீச்சுக் கீச்சென்று கத்த ஆரம்பித்து நாளாகிவிட்டது. தளர்ந்துபோன பெல்ட்டு. ஒரு போல்ட்டை இளக்கி, ஆல்ட்டர்னேட்டரைக் கொஞ்சம் நெம்பி, மறுபடி இறுக்கினால் தீர்ந்தது. ஆனால் ரிங் ஸ்பேனரின் வாயில் பன்னிரண்டு மூலை. ஒரு பிடியிலிருந்து அடுத்த பிடிக்கு 30 டிகிரி நகர வேண்டும். அந்தச் சந்தில் 30 டிகிரிக்கு இடம் கிடையாது. ஒரு பக்கம் இரும்பு, ஒரு பக்கம் ஹோஸ். கொஞ்சம் திருப்பு, எடு, மாற்றி வை, கொஞ்சம் திருப்பு. இதற்குள் இடுப்பு போய்விடும்.

ராட்செட்டுக்குள் ஒரு பல் சக்கரம் உண்டு. அந்தப் பல்லைக் கடித்துப் பிடிக்க ஒரு சின்ன இரும்புத் துண்டு. அதை முட்டுக்கொடுக்க ஒரு ஸ்பிரிங். ஒரு பக்கம் திருப்பினால் பிடித்துக்கொள்ளும். மறுபக்கம் டிக் டிக்கென்று வழுக்கி வரும். சாக்கெட்டை நட்டிலிருந்து எடுக்கவே வேண்டாம். சக்கரத்தில் 72 பல் என்றால் கைப்பிடி 5 டிகிரி அசைந்தாலே அடுத்த பல் சிக்கிவிடும். 24 பல் வைத்த பழைய மாடலுக்கு 15 டிகிரி வேண்டும். கழுத்தும் மடங்கிவிட்டால், நேராகக் கை போகாத இடத்தில் சாய்த்துப் பிடித்தே வேலையை முடிக்கலாம். அட்டையில் 72 என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. க்ரோம் வனேடியம் என்றும் போட்டிருந்தது. இந்தக் காலத்தில் தகரத்தில்கூட க்ரோம் வனேடியம் என்று பொறித்துவிடுகிறார்கள், அதை நான் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.

வாங்கியது வேலூரில். கடைக்காரர் என்னைப் பார்க்காமலே, "மூணு நூலா, நாலு நூலா?" என்றார். நாடு மெட்ரிக் அளவைக்கு மாற 1956-இலேயே சட்டம் போட்டாயிற்று. நட்டும் போல்ட்டும் மில்லிமீட்டருக்கு வந்துவிட்டன. ஆனால் சாக்கெட்டின் பின்பக்கம் ராட்செட் போய் உட்காருகிற சதுரம் மட்டும் உலகம் பூராவும் இன்னும் அங்குலத்தில்தான் இருக்கிறது. கால் அங்குலம், எட்டில் மூன்று, அரை. ஒரே சாக்கெட்டில் ஒரு வாய் மில்லிமீட்டர், மறு வாய் அங்குலம். அதையும் நம் கடைக்காரர் அங்குலமாகச் சொல்ல மாட்டார், அங்குலத்துக்கு எட்டு நூல் என்று பிரித்து நூலில் சொல்லுவார். பட்டறையில் சாக்கெட் எடுத்துக் கொடுக்கிற பொடியன்களுக்கு இதில் ஒரு குழப்பமும் வருவதில்லை. நான்தான் விரலை மடக்கி எண்ணி, "மூணு நூல்" என்றேன். அவர் எடுத்துப் போட்டார். நான் பேரம் பேசினேன். அவர் குறைத்தார். எவ்வளவு குறைத்தார் என்பது எங்கள் இருவருக்குள் இருக்கட்டும்.

வீட்டுக்குக் கொண்டுவந்து கராஜில் வைத்துப் பிரித்தேன். கராஜ் என்பது நான் வைத்த பெயர். சுவரோரம் நாலு கம்பு நட்டு, மேலே சிமென்ட் ஷீட் போட்டது. என் மனைவி அதைக் கொட்டாய் என்பாள். மாசி, பங்குனியில் புளி உலர்த்தும்போது ஆம்னி வெளியே போய்விடும், புளி உள்ளே வந்துவிடும். அந்த மாதங்களில் அவள் வைத்த பெயர்தான் செல்லும்.

பிரித்து ஐந்து நிமிஷம் ஆகியிருக்காது. எதிர்வீட்டு அண்ணன் வந்துவிட்டார். பஸ் டிரைவராக இருந்து ரிடையர் ஆனவர். நம் ஊரில் ஒரு சாமானை மதிப்பிடுவதற்கு ஒரு முறை இருக்கிறது. முதலில் கேட்காமல் எடுக்க வேண்டும். எடுத்ததும் உள்ளங்கையில் வைத்து ரெண்டு தடவை மேலும் கீழும் ஆட்டி எடை பார்க்க வேண்டும். பிறகு, தேங்காய் வாங்குகிறவர் செய்வதைப்போலக் காதோரம் வைத்துச் சத்தம் கேட்க வேண்டும். அண்ணன் டிக் டிக்கென்று சுற்றினார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கழுத்தை மடக்கினார், நிமிர்த்தினார், மறுபடி மடக்கினார். பிறகு கேட்டார்.

"சைனாவா?"

"இல்லைண்ணே, இந்தியாதான் போட்டிருக்கு."

"எவ்ளோ கொடுத்தீங்க?"

சொன்னேன். முதல் ஆள் என்பதால் உண்மையையே சொன்னேன்.

"அடப் பாவமே" என்றார்.

அவ்வளவுதான். அவர் பாட்டுக்குக் கீழே வைத்துவிட்டுப் போய்விட்டார். எதற்குப் பாவம், யாருக்குப் பாவம் என்று விளக்கம் எதுவும் கிடையாது. நல்லதா, கெட்டதா, நாளைக்கு உடையுமா, நாலு வருஷம் வருமா, ஒரு வார்த்தை கிடையாது. பொருளைப் பற்றி அவருக்கு இருந்த ஒரே சந்தேகம் அதன் விலை. விலை தெரிந்ததும் பொருள் முடிந்துபோயிற்று.

அண்ணனை விடுங்கள், அவர் அத்தோடு நிறுத்திக்கொண்டார். மற்றவர்கள் அப்படி இல்லை. 'அடப் பாவமே'வுக்குப் பின்னால் ஒரு ஊர் பேர் வரும். பாரிஸ் ஆசாமிகள் ஒரு வகை. எதை வாங்கினாலும் "இதே பாரிஸ்ல பாதி விலை" என்பார்கள். சென்னைப் பாரிமுனைக்கு அவர்கள் கடைசியாகப் போனது எம்.ஜி.ஆர். முதலமைச்சராக இருந்தபோதாக இருக்கும். அந்த விலையை இன்னும் பத்திரமாக வைத்திருப்பார்கள். அடுத்தது புதுப்பேட்டை ஆசாமிகள். "புதுப்பேட்டைல இதெல்லாம் கிலோ கணக்குல அள்ளிப் போடுவான் சார்." அள்ளிப் போட்ட ஒன்றையும் இவர் வீட்டில் நான் பார்த்ததில்லை. துபாய் ஆசாமிகள்: "என் சின்ன மாமா பையன் அங்கதான் கீறான். சொன்னா வரும்போது எடுத்தாந்துடுவான்." அந்தப் பையன் ஊருக்கு வரும்போது எடுத்து வருவது பேரீச்சம்பழம், ஒரு சென்ட் பாட்டில். அதையும் வீட்டைத் தாண்டி விடமாட்டார்கள்.

இன்னொரு வகை இருக்கிறது, அது கொஞ்சம் பலமான ஆதாரத்தோடு வரும். எங்கள் பக்கம் கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள். வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்காரர். அந்த ஊர்க்காரர் ஒருவர், ரிடையர்டு ஹவில்தார், நிலத்து விஷயமாக வந்தவர், கராஜைப் பார்த்ததும் நிலத்தை மறந்துவிட்டார். "ஜலந்தர்ல போஸ்டிங்ல இருந்தப்ப, ஸ்பேனர் செட்டையெல்லாம் ரோட்டோரத்துல குவிச்சு வெச்சிருப்பான் சார்." இதை மறுக்கவும் வழியில்லை. பஞ்சாபில் ஜலந்தரும் லூதியானாவும் கைக்கருவிகளுக்குப் பேர் போன ஊர்கள்தான். இங்கே இருந்து ரெண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல். ஒரு ராட்செட்டுக்காக ரயில் ஏறிப் போய்விட்டு வர எவ்வளவு ஆகும் என்று நான் கணக்குக் கேட்கவில்லை. பட்டாளத்துக்காரரிடம் அப்படியெல்லாம் பேச எனக்குத் தைரியம் வராது.

எல்லாரையும் விடக் கொடியவர் ஒருவர் உண்டு. "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் வாங்கித் தந்திருப்பேனே" என்பவர். நாம் வாங்கும்வரை இவரைத் தேடினாலும் கிடைக்க மாட்டார். வாங்கிய மறுநாள் வாசலில் நிற்பார். இவருக்கு எல்லா ஊரிலும் ஒரு சிநேகிதன், எல்லா சிநேகிதனுக்கும் ஒரு கடை. அடுத்த பொருளுக்கு முன்கூட்டியே இவரிடம் சொல்லிப் பாருங்கள். "அதுக்கென்ன, சொல்லிட்டாப் போச்சு" என்பார். போனது போனதுதான்.

இவர்களிடமிருந்து தப்பிக்க நான் பார்க்காத வழியில்லை. உண்மை விலையில் பாதியைச் சொல்லிப் பார்த்தேன். "இவ்ளோ கம்மியா? அப்ப டூப்ளிகேட்டுதான்" என்றார்கள். ரெண்டு மடங்காகச் சொல்லிப் பார்த்தேன். அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் நான் ஏமாளி என்கிற செய்தி நாகநதியைத் தாண்டிப் போய்விட்டது. சும்மா வந்தது, ஒருத்தர் அன்பளிப்பாகக் கொடுத்தார் என்றேன். "அவர் எவ்ளோவுக்கு வாங்கினாராம்?" ஞாபகமில்லை என்றேன். "பில்லு இருக்குமே." பில் தொலைந்துவிட்டது என்றேன். "பில்லைக்கூட வெச்சுக்க மாட்டீங்களா, அப்புறம் எப்பிடி மாத்துவீங்க?" பதினைந்து நிமிஷம் அதற்கு ஒரு வகுப்பு. ஒருமுறை வெறுத்துப்போய், திருடிக்கொண்டு வந்தேன் என்றே சொல்லிவிட்டேன். கேட்டவர் அசரவில்லை. "மாட்டியிருந்தா என்னா ஃபைன் ஆகியிருக்கும்?" என்றார்.

இந்தக் கேள்விக்கு எதுவும் தப்பாது. எங்கள் ஊர் இருக்கிற இதே ஜவ்வாது மலையில்தான் காவலூர் இருக்கிறது. 2.34 மீட்டர் விட்டத்தில் கண்ணாடி வைத்த தொலைநோக்கி அங்கே நிற்கிறது. நம் நாட்டிலேயே வடிவமைத்துச் செய்தது. அதற்காகவே உழைத்த வைணு பாப்பு, அது முடிவதற்குள் 1982-இல் காலமாகிவிட்டார். 1986 ஜனவரியில் அவர் பெயரையே அதற்கு வைத்தார்கள். அதன் போல்ட்டுகளை முடுக்கிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு டீ குடிக்க வெளியே வந்தவரிடம், டீக்கடை பெஞ்சிலிருந்து யாராவது ஒருவர் "இன்னா சார், மொத்தம் எவ்ளோ ஆச்சு?" என்று கேட்டிருப்பார். கேட்காமல் இருந்திருக்கவே மாட்டார். சொன்ன தொகையைக் கேட்டு, இதையே வேற எடத்துல சொல்லிச் செஞ்சிருக்கலாம் என்றும் சொல்லியிருப்பார்.

எங்கே விட்டேன்? 72 பல்.

அட்டையில் போட்டிருப்பதை நம்பக் கூடாது என்பது என் கொள்கை. பல்லை எண்ண ராட்செட்டைப் பிரிக்கக்கூட வேண்டாம். சதுரத்தில் ஒரு சாக்கெட்டை மாட்டி, அதன் விளிம்பில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, ஒரு முழுச் சுற்றுக்கு எத்தனை டிக் என்று எண்ணினால் போதும். கடிக்கிற துண்டு ஒன்றே ஒன்றாக இருந்தால், டிக் எத்தனையோ பல்லும் அத்தனை. பதினெட்டு, பத்தொன்பது என்று போய்க்கொண்டிருக்கும்போது பால்காரர் வந்தார். எவ்ளோ என்றார். மறுபடி ஒன்றிலிருந்து. நாற்பதைத் தாண்டும்போது வாசலில் ஒரு பைக் நின்றது.

ஞாயிற்றுக்கிழமையில் இது வழக்கம். வேலூரிலிருந்து எங்கள் அமிர்தி இருபத்தைந்து கிலோமீட்டர். 1967-இல் ஆரம்பித்த சின்ன உயிரியல் பூங்கா, மான், மயில், காடு, தண்ணீர் இருந்தால் அருவி. ஒரு வண்டிக்கு மூன்று பேர் வீதம் காலையிலிருந்து வந்துகொண்டே இருப்பார்கள். அவர்களில் யாராவது ஒருவருக்கு என் வீட்டு வாசலில்தான் பிளக் அடைத்துக்கொள்ளும். "அண்ணா, ஸ்பேனர் இருக்குமா?" இருக்கும். கொடுப்பேன். அப்படிக் கொடுத்த ஸ்பேனர்களெல்லாம் இப்போது ஆற்காடு, ஆரணி, ராணிப்பேட்டை என்று பல ஊர்களில் நல்லபடியாக வேலை செய்துகொண்டிருக்கின்றன. இந்தப் பையன்கள் ராட்செட்டைப் பார்த்துவிட்டார்கள். "சூப்பரா கீதுண்ணா. எவ்ளோ?" என்றார்கள். எண்ணிக்கை போயிற்று.

உள்ளே போய் அவர்களுக்குத் தண்ணீர் எடுத்து வந்தேன். அந்த இடைவெளியில் ராட்செட்டைக் குரங்கு எடுத்துக்கொண்டது. பூங்காவில் உள்ளவை கம்பிக்குள் இருக்கின்றன. எங்கள் தெருவில் உள்ளவற்றுக்குக் கம்பி கிடையாது. மதில்மேல் உட்கார்ந்து, பளபளப்பைக் கொஞ்சநேரம் பார்த்தது. கைப்பிடியை முன்பல்லால் கடித்தது. கழுத்தைப் பிடித்து இழுத்தது, மடங்கியதும் திடுக்கிட்டு விட்டுவிட்டது. மறுபடி எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டுப் பொத்தென்று கீழே போட்டுவிட்டுப் போயிற்று. கீழே கருங்கல். ஓடிப்போய் எடுத்துப் பார்த்தேன். முலாம் உரியவில்லை, கழுத்து ஊசி வளையவில்லை. சுருக்கமாக, அன்றைக்கு என் ராட்செட்டை முறைப்படி சோதனை செய்தது அது ஒன்றுதான். விலையும் கேட்கவில்லை.

பல்லை இன்றுவரை முழுசாக எண்ணவில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்பது மட்டும் தெரியும், பின்மூடியின் ரெண்டு சின்ன திருகைக் கழற்றிப் பார்த்துவிட்டேன். மலிவு ராட்செட்டைப் பற்றி ஒரு விஷயம் கற்றுக்கொள்ள வேண்டுமென்றால் அதன் மூடிக்குள்தான் கற்றுக்கொள்ள வேண்டும். கறுப்பு கிரீஸை அப்பி வைத்திருந்தார்கள். கிரீஸ் கெட்டியாக இருந்தால் சக்கரம் இலேசில் வழுக்காது. நட்டு இறுக்கமாக இருக்கும்வரை அது தெரியாது. நட்டு இளகியதும் பாருங்கள், கைப்பிடியைப் பின்னுக்குக் கொண்டுவந்தால் டிக் என்று வழுக்குவதற்குப் பதில் நட்டும் கூடவே பின்னுக்கு வரும். இறுக்கியதையே இளக்கி, இளக்கியதையே இறுக்கிப் பொழுது போகும். கிரீஸை டீசலில் கழுவி எடுத்து, துணியால் துடைத்து, ரெண்டு சொட்டுத் தையல் மெஷின் எண்ணெய் விட்டேன். ஸ்பிரிங்கை விரலால் அமுக்கிக்கொண்டேதான் மூடியைத் திறக்க வேண்டும், இல்லாவிட்டால் அது எங்கே போயிற்று என்று புளிக்குள் தேட வேண்டியிருக்கும். திரும்ப மாட்டியதும் சத்தமே மாறிவிட்டது. டொக் டொக்கென்று இருந்தது கிர்ரென்று சன்னமாக வந்தது. கடையில் இருந்ததைவிட நல்ல ராட்செட் இப்போது என் கையில் இருக்கிறது என்று மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் ரெண்டு சுற்றுச் சுற்றிக் கேட்டுவிட்டு, "தையல் மெஷினுக்கு எண்ணெய் வெச்சிருக்கீங்களா, இல்லியா?" என்றாள்.

கழுத்துதான் முக்கியம். தலையையும் கைப்பிடியையும் கோத்து ஒரு ஊசி இருக்கிறது. அது தளர்ந்து இருந்தால் தலை தொங்கிப்போகும். இருட்டுச் சந்துக்குள் ஒற்றைக் கையால் விட்டு நட்டைத் தேடும்போது, தலை ஒரு பக்கம், கைப்பிடி ஒரு பக்கம் என்று ஆகிவிடும். ரொம்ப இறுகியிருந்தால் மடக்குவதற்கு இன்னொரு கை வேண்டும், அந்தக் கைக்கு உள்ளே இடமில்லை. மலிவு ரகத்தில் இந்த இறுக்கம் ஒன்றுக்கொன்று வித்தியாசப்படும். ஒரே பெட்டியில் பக்கத்துப் பக்கத்தில் இருந்த ரெண்டையும் கடையில் எடுத்துப் பார்த்தேன், ஒன்று தொங்கியது, ஒன்று நின்றது. நின்றதைத்தான் எடுத்தேன்.

இன்னொன்று, மடங்கிய கழுத்தோடு முறுக்கினால் கொடுக்கிற பலம் முழுசாக நட்டைத் திருப்பப் போகாது. கொஞ்சம் சாக்கெட்டை நட்டை விட்டு வெளியே தள்ளப் போய்விடும். ஆகவே துருப்பிடித்து உட்கார்ந்துபோன நட்டை முதலில் அசைத்துக் கொடுக்க நீளமான கம்பியோ ரிங் ஸ்பேனரோதான். அசைந்த பிறகு ராட்செட். நம் பட்டறைகளில் ஒரு பழக்கம் உண்டு, எது இளகவில்லையோ அதற்குக் கைப்பிடியில் ஒரு ஜி.ஐ. பைப்பைச் செருகி ஏறி மிதிப்பது. ராட்செட்டில் அதைச் செய்யக் கூடாது. பல் நுணுக்கமாக நுணுக்கமாக அதன் பிடியும் சின்னதாகத்தான் இருக்கும். மிதித்தால் பல் தெறிக்கும். தெறித்தால் கை போய் சேஸிஸில் இடிக்கும். கண்ணமங்கலத்து மெக்கானிக் ஒருவர் என் ராட்செட்டைப் பார்த்துவிட்டு, "எல்லாம் நல்லாத்தான் சார் கீது, உங்களுக்குப் பொறுமை கீதா?" என்றார். எனக்குத் தெரிந்து விலையைக் கேட்காத மனிதர் அவர் ஒருவர்தான். அவரிடம் வண்டியை விட்டால் என்ன கேட்பார் என்று எனக்குத் தெரியும் என்பதால் நானும் கேட்கவில்லை.

'எவ்ளோ' என்கிற கேள்வியால் உலகத்தில் யாருக்காவது உபயோகம் உண்டா என்று யோசித்துப் பார்த்தால் ஒரே ஒரு ஆள் தென்படுகிறார். ராட்செட்டின் தலைக்குப் பின்னால் ஒரு பொத்தான் இருக்கும், அமுக்கினால் சாக்கெட் தானாகக் கழன்று விழும். அமெரிக்காவில் சியர்ஸ் கடையில் வேலை பார்த்த பீட்டர் ராபர்ட்ஸ் என்கிற இளைஞர் அறுபதுகளில் கண்டுபிடித்தது. 1965-இல் காப்புரிமை வந்தது. கம்பெனி அதிகபட்சம் 10,000 டாலர் என்று பேசி உரிமையை வாங்கிக்கொண்டது. அப்புறம் லட்சக்கணக்கில் விற்றது. பையன் 1969-இல் கோர்ட்டுக்குப் போனார். 1989-இல்தான் சமரசம் ஆயிற்று, அதுவும் பல மடங்கு தொகைக்கு. முதலில் உரிமையை எழுதிக்கொடுத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்த அன்றைக்கு எங்கள் எதிர்வீட்டு அண்ணன் அங்கே இருந்து, "எவ்ளோ கொடுத்தாங்க?" என்று கேட்டு, "அடப் பாவமே" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இருபது வருஷ வழக்கு மிச்சமாகியிருக்கும். ஆனால் அண்ணன் அந்த மாதிரிச் சமயங்களில் வேறெங்காவது இருப்பார்.

இப்போது மச்சினன்.

அம்பத்தூரில் வேலை. குடும்பத்தோடு மான் பார்க்க வந்தவன், மானைப் பார்க்காமல் கராஜுக்கு வந்தான். எடுத்தான், ஆட்டினான், சுற்றினான், மடக்கினான். "எவ்ளோ மாமா?" நான் வாயைத் திறக்கவில்லை. "சொல்லாட்டி போங்க, நான் பாத்துக்கறேன்" என்று போனை எடுத்தான். எங்கள் வீட்டில் சிக்னல் கொட்டாயில் கிடைக்காது, அடுப்படியில் கிடைக்காது. தண்ணீர்த் தொட்டி பக்கத்துப் பாறைமேல் ஏறி நின்று வடக்குப் பார்த்தால் சிலசமயம் கிடைக்கும். ஏறினான். சோறு ஆறுகிறது என்று அக்கா கூப்பிடுகிறாள், பிள்ளைகள் பசி என்கின்றன, இவன் பாறைமேல் நின்று போனை வானத்துக்குக் காட்டிக்கொண்டிருக்கிறான். கடைசியில் இறங்கி வந்தான். முகத்தில் அப்படி ஒரு பிரகாசம். "நாப்பது ரூபா ஜாஸ்தி கொடுத்துட்டீங்க மாமா."

நாற்பது ரூபாய். அதில் தபால் செலவு சேர்க்கவில்லை. போனில் அந்த விலையைப் போட்டிருந்த கம்பெனிக்காரன் அமிர்திவரை கொண்டுவந்து கொடுக்கவும் மாட்டான், இருப்பு இல்லை என்று வேறு அதில் போட்டிருந்தது. இதையெல்லாம் நான் சொல்லிக்கொண்டிருக்கும்போது அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

சாயங்காலம் கிளம்பும்போது காரில் சாமான் ஏற்ற உதவி செய்தேன். சாமை அரிசி ஒரு பை, தேன் ரெண்டு பாட்டில், புளி ஒரு உருண்டை. பின்சீட்டில் அவன் பையனின் செருப்புக்குப் பக்கத்தில் என் ராட்செட். "ரெண்டு நாள்ல அனுப்பிடறேன் மாமா. சைலன்சர்கிட்ட ஒரு நட்டு, இது இருந்தாத்தான் எட்டும். செம ஐட்டம் மாமா இது." பக்கத்தில் அக்காக்காரி நிற்கிறாள். நான் என்ன சொல்ல முடியும்? போகும்போது எடுத்துப்போ என்றேன். அவன் அதற்கு முன்பே எடுத்துக்கொண்டுவிட்டான்.

என் மச்சினன் நாற்பது ரூபாய்க்குக் குறை சொல்லிவிட்டுக் கையோடு கொண்டுபோன பொருள் என்பதே போதுமான நற்சாட்சி. ஆம்னி, ஈகோ மாதிரி இன்ஜினைச் சீட்டுக்கு அடியில் ஒளித்துவைத்திருக்கும் வண்டிக்காரர்கள் மலிவு ரகத்தைத் தாராளமாக வாங்கலாம். கடையிலேயே கழுத்தை மடக்கிப் பிடித்துப் பாருங்கள், தன் எடைக்கே தொங்கினால் வேண்டாம். வீட்டுக்கு வந்ததும் கிரீஸைக் கழுவுங்கள். வீட்டில் டி.வி.எஸ். எக்ஸ்.எல். மட்டும் இருக்கிறது என்றால் இது தேவையே இல்லை, ஒரு நல்ல ரிங் ஸ்பேனர் செட்டும் பிளக் ஸ்பேனரும் காலத்துக்கும் போதும்.

ஞாயிற்றுக்கிழமை அமிர்திக்கு வருகிறவர்கள் தயவுசெய்து அந்தப் பிளக் ஸ்பேனரையும் கூடவே எடுத்து வாருங்கள். இப்போதைக்கு எங்கள் வீட்டில் இரவல் கொடுக்க ஒன்றும் இல்லை.